ட்ரோம்சோ – லாங்யியர்பியன்: 960 கிலோமீட்டரின் கணக்கு

திங்கள், ட்ரோம்சோ

நாளை நான் பறக்கவிருக்கும் வழித்தடம், நார்வேயின் வடபகுதியிலுள்ள ட்ரோம்சோ விமான நிலையத்தில் தொடங்கி, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியன் விமான நிலையத்தில் முடிகிறது. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட அட்டவணைப்படி பொதுமக்களை ஏற்றி இறக்கும் விமான நிலையங்களில் உலகிலேயே வடக்கே இருப்பது லாங்யியர்பியன்தான். இரண்டு நிலையங்களுக்கும் இடையே ஊர் என்று எதுவுமில்லை. கரடித் தீவு என்ற சிறு தீவு ஒன்றை விட்டால், பாரன்ட்ஸ் கடலும் நார்வேக் கடலும் சந்திக்கும் நீர்ப்பரப்புதான் வழி நெடுகிலும் இருக்கிறது.

பயணச்சீட்டில் பயண நேரம் 1 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. தூரத்தைச் சீட்டில் அச்சிடும் வழக்கம் இல்லை என்பதால் அதை விடுதி மேசையில் உட்கார்ந்து நானே கணக்கிட்டேன். ட்ரோம்சோ விமான நிலையம் 69.68 டிகிரி வடக்கிலும், லாங்யியர்பியன் 78.25 டிகிரி வடக்கிலும் உள்ளன. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது 60 கடல் மைல் என்ற மாலுமிகளின் பழைய கணக்குப்படி, வடக்கு நோக்கி மட்டும் 514 கடல் மைல், அதாவது 952 கி.மீ. செல்ல வேண்டும். ஆனால் பூமி சரியான உருண்டை அல்ல. துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால் அட்சரேகையின் ஒரு டிகிரி நிலநடுக்கோட்டருகே 110.6 கி.மீ. ஆகவும் துருவத்தருகே 111.7 கி.மீ. ஆகவும் இருக்கிறது. அந்தத் திருத்தத்தைச் சேர்த்தால் வடக்கு நோக்கிய தூரம் 956 கி.மீ. ஆகிறது.

மேற்கு நோக்கியும் கொஞ்சம் நகர வேண்டும். தீர்க்கரேகையில் வித்தியாசம் ஏறத்தாழ மூன்றரை டிகிரி. நிலநடுக்கோட்டில் இது 384 கி.மீ. வரும். இங்கே தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிவிட்டதால், வழியின் நடுப்பகுதியில் அளந்தால் 106 கி.மீ. மட்டுமே. செங்கோண முக்கோணமாக வைத்துக் கணக்கிட்டால், இந்த 106 கி.மீ. மொத்தத் தூரத்தில் கூட்டுவது வெறும் 6 கி.மீ.தான். ஆகவே விடை ஏறத்தாழ 960 கி.மீ. ஒரு கணிப்பான் 957 என்றும் இன்னொன்று 961 என்றும் காட்டினால் இரண்டில் ஒன்று தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. ஒன்று பூமியை உருண்டையாகவும் மற்றொன்று தட்டையான உருண்டையாகவும் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்த 960 கிலோமீட்டரை வரைபடத்தில் பார்த்தவர்கள் நம்ப மறுப்பார்கள். பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்க்கேட்டர் வகை உலக வரைபடத்தில், வடக்கே செல்லச் செல்ல எல்லாம் நீண்டு விரிகிறது. ட்ரோம்சோ இருக்கும் அட்சரேகையில் நீளங்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகவும், லாங்யியர்பியனில் ஏறத்தாழ ஐந்து மடங்காகவும் பெருகிக் காட்சி தருகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது: அந்த வரைபடத்தில் இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடைப்பட்ட கோடு, கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரின் வடகோடி வரையுள்ள இந்தியாவின் முழு நீளத்துக்கு அப்படியே சமமாக வருகிறது. இந்தியாவின் அந்த நீளம் 3,214 கி.மீ. வரைபடத்தை நம்பி இந்தப் பயணத்துக்கு அஞ்சுவோர் உண்டென்றால், அந்த அச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு காகிதம் தந்தது.

எஞ்சிய ஒரு பங்குக்குக் காரணம் உண்டு. துறைமுகத்தருகே ரோல்ட் அமுண்ட்சென்னின் சிலை நிற்கிறது. தென்துருவத்தை முதலில் அடைந்த குழுவின் தலைவரான அவர், 1928 ஜூன் 18 அன்று இதே ஊரிலிருந்து, லேத்தம் 47 என்ற பிரெஞ்சுக் கடற்படையின் கடல்விமானத்தில் வேறு ஐந்து பேருடன் ஸ்வால்பார்டின் பெருந்தீவான ஸ்பிட்ஸ்பெர்கனை நோக்கிப் புறப்பட்டார். இத்தாலியரான உம்பெர்த்தோ நொபீலேயின் வான்கப்பல் ‘இத்தாலியா’ துருவத்திலிருந்து திரும்பும்போது பனிப்பரப்பில் மோதிச் சிதைந்திருந்தது. அதில் பிழைத்தவர்களைத் தேடுவதுதான் நோக்கம். மணிக்கு 150 கி.மீ. அளவில் பறக்கும் ஒரு விமானத்துக்கு இந்தக் கடலைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். புறப்பட்ட சில மணி நேரத்துக்குள் லேத்தமின் வானொலி அடங்கிப்போனது. ஆகஸ்ட் கடைசியில் அதன் மிதவை ஒன்று ட்ரோம்சோவுக்கு வடக்கே கடலில் கிடைத்தது. ஆறு பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. யாரைத் தேடிப் போனாரோ அந்த நொபீலே, அமுண்ட்சென் மறைந்த ஐந்தாம் நாள் வேறொரு விமானியால் மீட்கப்பட்டார்.

ட்ரோம்சோவில் நள்ளிரவுச் சூரியனின் பருவம் ஜூலைக் கடைசி வாரத்திலேயே முடிந்துவிட்டது. இப்போது, ஆகஸ்ட் தொடக்கத்தில், சூரியன் பின்மாலையில் கடலுக்குள் இறங்கிச் சில மணி நேரத்தில் எழுந்துவிடுகிறது. லாங்யியர்பியனில் ஏப்ரல் 20 அளவில் எழுந்த சூரியன் ஆகஸ்ட் 23 வரை மறையாது. பகலும் இரவும் மாறிவரும் ஊரிலிருந்து, நூறு நிமிடத்தில், இன்னும் இரவு தொடங்காத ஊருக்குப் போகிறேன்.

செவ்வாய், வானில்

ட்ரோம்சோ நகரம் ஒரு தீவின் கிழக்குக் கரையிலும் விமான நிலையம் அதன் மேற்குக் கரையிலும் உள்ளன. நடுவே இருக்கும் மேட்டைக் குடைந்து சுரங்கச் சாலை அமைத்திருக்கிறார்கள். பாறைக்குள்ளேயே ரவுண்டானாவும் வாகன நிறுத்துமிடமும் இருக்கின்றன. பேருந்து அதனுள் நுழைந்து மறுபுறம் வெளிவந்ததும் ஓடுபாதை தெரிந்துவிட்டது.

நார்வேயிலிருந்து நார்வேக்குப் போகும் விமானம்தான் என்றாலும், இங்கே பாஸ்போர்ட் சோதனை உண்டு. 1920 பிப்ரவரி 9 அன்று கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் தீவுக்கூட்டத்தின் மீது நார்வேயின் இறையாண்மையை ஏற்றுக்கொண்டு, உடன்பட்ட நாடுகளின் குடிமக்கள் அங்கே வசிக்கவும் தொழில் செய்யவும் சம உரிமை அளித்தது. அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் பகுதி என்ற வகையில் இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருக்கிறது. இதன் தொடர்ச்சியாக, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பகுதியான ஷெங்கனுக்கு வெளியே ஸ்வால்பார்ட் வைக்கப்பட்டுள்ளது. அங்கே போக விசா தேவையில்லை. ஆனால் அங்கே போக வேண்டுமானால் நார்வே வழியாகத்தான் போயாக வேண்டும், திரும்பும்போது மீண்டும் ஷெங்கனுக்குள் நுழைய வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இருமுறை நுழைய அனுமதிக்கும் விசா வாங்கியிருக்க வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே நினைவில் கொள்வது நல்லது. ஆஸ்லோவிலிருந்து ட்ரோம்சோ வழியாகச் செல்லும் விமானங்களில்கூட, பயணிகள் எல்லோரும் இங்கே இறங்கி, வரிசையில் நின்று, பாஸ்போர்ட் சோதனையை முடித்துக்கொண்டு அதே இருக்கைக்குத் திரும்பி வருகிறார்கள். அட்டவணையில் இந்த வரிசையின் நிமிடங்கள் பறக்கும் நேரமாகச் சேர்வதில்லை என்றாலும், பயணியின் கடிகாரத்தில் அவை சேரத்தான் செய்கின்றன.

விமானம் போயிங் 737. வலப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்கியிருந்தேன். கரடித் தீவு வழித்தடத்துக்கு ஏறத்தாழ 50 கி.மீ. கிழக்கே இருப்பதால், வானம் தெளிந்திருந்தால் வடக்கே போகும்போது வலப்பக்கத்தில்தான் தெரியும். பக்கத்து இருக்கையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் ஒருவர் இருந்தது எதிர்பாராத மகிழ்ச்சி. அவர் லாங்யியர்பியனுக்கும் வடக்கே, நி-ஆலசுண்டிலுள்ள இந்திய ஆய்வு நிலையமான ஹிமாத்ரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கதவு மூடியதிலிருந்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். விமான நிறுவனங்கள் அட்டவணையில் தரும் பயண நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கிச் சேருமிடத்தில் மீண்டும் நிறுத்தப்படுவதில் முடிகிறது. சக்கரங்கள் தரையை விட்டு எழுந்ததிலிருந்து தரை தொடும் வரையிலான நேரம் வேறு. உயரத்தில் சீராகப் பறக்கும்போது 737-இன் வேகம் மணிக்கு 830 கி.மீ. அளவில் இருக்கும். 960 கிலோமீட்டரை இந்த வேகத்தால் வகுத்தால் 70 நிமிடத்துக்கும் குறைவாகவே வருகிறது. ஆனால் விமானம் அந்த வேகத்தில் பறப்பது வழியின் நடுப்பகுதியில் மட்டும்தான். ஏறத் தொடங்கிச் சீரான உயரத்தை எட்டும் வரை ஒரு கால் மணி நேரத்துக்கு மேலும், இறங்கத் தொடங்கி ஓடுபாதையைத் தொடும் வரை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் ஆகிறது. அந்த நிமிடங்களில் வேகம் குறைவு. அதிலும் இறங்கும்போது ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு வருவதற்காகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. தரையில் ஊர்ந்துபோகும் நேரத்தையும் சேர்த்தால் 100 நிமிடம் நிறைந்துவிடும். குறுகிய வழித்தடங்களில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து பயணத்தின் பாதியை விழுங்கிவிடுவதால், தூரத்தை வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் நேரம் வழித்தடம் குறுகக் குறுக மேலும் மேலும் பொய்யாகிறது.

கரையோர மலைகள் பின்னால் போனதும் கீழே மேகம் மூடிக்கொண்டது. புறப்பட்டு முக்கால் மணி நேரம் ஆனபோது இருக்கைக்கு எதிரே இருந்த திரையில் விமானத்தின் சிறு உருவம் கரடித் தீவைக் கடந்துகொண்டிருந்தது. சன்னல் வழியே வெண்மேகப் பரப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வெப்பக் கடல்நீரும் குளிர்க் கடல்நீரும் அந்தப் பக்கத்தில்தான் கலக்கின்றன என்பதால் கோடையில் தீவை மூடுபனி போர்த்தியிருப்பது வழக்கம். அங்கே நார்வேயின் வானிலை நிலையம் ஒன்றும் அதன் சில பணியாளர்களும் மட்டுமே இருக்கிறார்கள். விமானம் இறங்க ஓடுபாதை கிடையாது. ட்ரோம்சோவிலிருந்து அந்த இடம் 535 கி.மீ. அளவில் இருக்கிறது, ஆகவே தீவைக் கடந்ததும் பாதிவழிக்கு மேல் வந்துவிட்டோம் என்று கொள்ளலாம்.

ஸ்பிட்ஸ்பெர்கனின் தென்முனையை நெருங்கும்போது மேகம் கிழிந்தது. கூர்கூரான கரிய மலைகளும், அவற்றின் இடுக்குகளிலிருந்து கடல் வரை இறங்கும் பனியாறுகளும் வலப்பக்கம் முழுவதும் விரிந்தன. பனியாறு கடலைத் தொடும் இடத்தில் நீர் பழுப்பாகக் கலங்கி, தூரத்தே போகப்போகப் பச்சையாகி, பிறகு நீலமாகிறது. அந்த மூன்று நிறங்களுக்கும் நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி எல்லைகள் தெரிந்தன. விமானம் ஐஸ்ஃபியோர்டு என்ற அகன்ற நீர்க்கழிக்கு மேலே திரும்பி, கிழக்கு நோக்கி இறங்கி, கரையோரத்திலேயே கிடக்கும் ஓடுபாதையில் அமர்ந்தது.

சக்கரம் எழுந்து சக்கரம் தொட ஆனது 1 மணி 22 நிமிடம். நகர்ந்து நிற்கும் வரை 1 மணி 36 நிமிடம். அட்டவணையைவிட 4 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம். படிக்கட்டில் இறங்கிக் காற்றில் நடந்துதான் முனையத்துக்குள் போக வேண்டும். பெட்டிகள் சுற்றிவரும் பட்டையின் நடுவே பாடம்செய்த பனிக்கரடி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முதுகுப்பைகள் அதைச் சுற்றி வலம் வந்தன.

புதன், லாங்யியர்பியன்

இன்று காலை விமான நிலையத்துக்கே பேருந்தில் திரும்பிப் போனேன். ஊருக்குள் பார்க்க வேறு இடங்கள் இல்லாமலில்லை. ஆனால் இந்த ஓடுபாதையைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்க விரும்பினேன்.

முனையத்துக்கு வெளியே பல கைகளை நீட்டியபடி ஒரு தூரக்காட்டிக் கம்பம் நிற்கிறது. உலகின் பெருநகரங்களின் பெயர்களோடு வடதுருவமும் அதில் உண்டு. இங்கிருந்து துருவம் 1,300 கி.மீ. அளவில்தான், ஆஸ்லோவோ 2,000 கிலோமீட்டருக்கு மேல். நாட்டின் தலைநகரை விடத் துருவம் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. ஆஸ்லோவிலிருந்து நேராக வரும் விமானத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. தூரம் ட்ரோம்சோ வழித்தடத்தைப் போல இரு மடங்குக்கும் அதிகம் என்றாலும் நேரம் இரு மடங்கை எட்டுவதில்லை. ஏற்றமும் இறக்கமும் இரண்டிலும் ஒரே அளவுதான் என்பதே காரணம். கம்பத்தின் அருகே பனிக்கரடி எச்சரிக்கைப் பலகையும் உள்ளது. புகைப்படம் எடுப்பவர்களின் வரிசை அங்கே குறையவே இல்லை.

இந்த விமான நிலையத்தை 1975 செப்டம்பர் 2 அன்று மன்னர் ஐந்தாம் ஊலாவ் திறந்துவைத்தார். அதற்கு முன் இந்த நிலக்கரிச் சுரங்க ஊர் குளிர்காலம் முழுவதும் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டுத்தான் கிடந்தது. இலையுதிர்காலத்தில் கடைசிக் கப்பல் போன பிறகு, வசந்தத்தில் கடற்பனி விலகும் வரை அடுத்த கப்பல் வராது. அந்த மாதங்களில் விமானங்கள் வானிலிருந்து அஞ்சல் பைகளைப் போட்டுவிட்டுப் போயின. 1959 முதல், ஊருக்கு அருகே ஆட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கின் உறைந்த தரையைச் சமன்செய்து குளிர்காலத்தில் மட்டும் சில விமானங்களை இறக்கினார்கள். கோடையில் தரை இளகிச் சேறாகிவிடும் என்பதால் இறங்க முடியாது. கப்பலில் வருவதென்றால், மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் இடைவிடாமல் வந்தாலும் ட்ரோம்சோவிலிருந்து 52 மணி நேரம் ஆகும். 1975-இல் அது நூறு நிமிடமாகச் சுருங்கியது. ஆனால் என் மதிப்பில், சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இந்த நிமிடக்கணக்கு பெரிதாக இருந்திருக்காது. நடுக்குளிர்காலத்தில் பிரசவ வலி கண்டால் மருத்துவமனைக்குப் போக ஒரு வழி வந்தது என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

ஓடுபாதையின் நீளம் 2,480 மீட்டர் அளவில் உள்ளது. ட்ரோம்சோ ஓடுபாதையும் ஏறத்தாழ இதே நீளம்தான். வித்தியாசம் நிலத்தடியில் இருக்கிறது. இங்கே மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேலாக ஒரு மீட்டர் அளவு மட்டும் இளகி, குளிர்காலத்தில் மீண்டும் உறைகிறது. இளகும்போது மண் அமுங்குகிறது. உறையும்போது அதிலுள்ள நீர் விரிந்து தரையைத் தூக்குகிறது. இதன் மேல் கறுப்புத் தார் போட்டால், நான்கு மாதம் மறையாத சூரியனின் வெப்பத்தை அது உறிஞ்சிக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓடுபாதைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் படலம் இட்டிருக்கிறார்கள். அப்படியும் சில இடங்களில் மேடும் பள்ளமும் உண்டாகி, திரும்பத் திரும்பச் செப்பனிட வேண்டியிருக்கிறது. நேற்று இறங்கி ஓடும்போது மெல்லிய அலைமேல் போவது போலத் தோன்றியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்வால்பார்ட் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துவரும் இடம் என்பதால், செப்பனிடும் வேலை இனிக் கூடுமே தவிரக் குறையாது. ஓடுபாதைக்கு மேலே மலைச்சரிவில் கான்கிரீட் முகப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அது 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகம். அதுவும் இதே உறைமண்ணை நம்பித்தான் அங்கே கட்டப்பட்டது.

வியாழன், லாங்யியர்பியன்

காலையில் மூடுபனி நீர்க்கழியிலிருந்து எழுந்து ஊரின் கூரைகள் வரை வந்துவிட்டது. நண்பகலுக்குச் சற்று முன் விமானத்தின் ஓசை தலைக்கு மேலே கேட்டது. சிறிது நேரம் சென்று மீண்டும் கேட்டது. பிறகு தெற்கே தேய்ந்து போனது. தங்கும் விடுதியின் முன்கூடத்தில் இருந்தவர்கள் யாரும் வியப்படையவில்லை. வந்த விமானம் நார்வேக்கே திரும்பிப் போய்விட்டது என்று சற்று நேரத்தில் செய்தி வந்தது. அதில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1,900 கி.மீ. பறந்து, புறப்பட்ட கரைக்கே திரும்பியிருப்பார்கள்.

இந்த வழித்தடத்தின் உண்மையான தூரம் எது என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. எந்த விமானமும், சேருமிடத்தில் இறங்க முடியாமல் போனால் போய் இறங்குவதற்கு ஒரு மாற்று நிலையத்தைக் குறித்துக்கொண்டு, அது வரை போகத் தேவையான எரிபொருளோடுதான் புறப்படும். ஐரோப்பாவின் பெருநகரங்களில் மாற்று நிலையம் நூறு கிலோமீட்டருக்குள் கிடைத்துவிடும். ஸ்வால்பார்டில் ஜெட் விமானம் இறங்கக்கூடிய வேறொரு ஓடுபாதை இல்லை. நி-ஆலசுண்டில் இருப்பது 808 மீட்டர் நீளமுள்ள சரளைப் பாதை. ஸ்வேயா என்ற ஊரில் சுரங்கம் மூடப்பட்டு, அந்த இடமே இயற்கைக்குத் திருப்பித் தரப்பட்டுவிட்டது. ரஷ்யச் சுரங்க ஊரான பாரன்ட்ஸ்பர்க்கில் ஹெலிகாப்டர் தளம் மட்டும்தான். எனவே ஜெட்டுக்கு மாற்று நிலையம் கடலுக்கு அப்பால், நார்வே நிலப்பரப்பின் வடகரையில்தான் இருக்கிறது. பயணிக்கு 960 கிலோமீட்டராக இருக்கும் இந்தப் பாதை, எரிபொருள் கணக்கெழுதும் விமானிக்குப் புறப்படும்போதே ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் எடை. கூடுதல் எடை என்றால் சில நாள்களில் சரக்கைக் குறைக்க வேண்டிய நிலை. கடையில் தக்காளி விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூடுபனியில் முயன்று பார்க்காமல் திரும்பிப் போவதை இந்த ஊர் குறை சொல்லாததற்கு ஒரு துயரக் காரணமும் உண்டு. 1996 ஆகஸ்ட் 29 அன்று, மாஸ்கோவிலிருந்து வந்த டியு-154 விமானம் மோசமான வானிலையில் கிழக்கிலிருந்து இறங்க முயன்று, நேர்கோட்டிலிருந்து விலகி, விமான நிலையத்துக்கு 14 கி.மீ. அப்பாலுள்ள ஓப்பரா மலையில் மோதியது. சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக 141 பேர் இறந்தனர். நார்வே மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் இன்றளவும் மிகப் பெரியது அதுவே. நேற்று தெளிந்த வானில் அந்தத் தட்டையான மலையுச்சியைப் பள்ளத்தாக்கின் மறுகரையில் பார்த்தேன். ஓடுபாதையின் கோட்டிலிருந்து அது அவ்வளவாக விலகியிருப்பதாகவே தோன்றவில்லை.

மாலையில் அந்த இளம் ஆய்வாளரை உணவகத்தில் மீண்டும் பார்த்தேன். நி-ஆலசுண்டுக்கு இங்கிருந்து போகும் டார்னியர் 228 என்ற சிறு விமானமும் நேற்றிலிருந்து புறப்படவில்லையாம்.

“இருபத்தஞ்சு நிமிஷப் பயணந்தான் சார், அதுக்கு ரெண்டு நாளா பெட்டியைத் திறக்காம வெச்சிருக்கேன்” என்றார்.

“பெட்டியில என்ன தம்பி, கருவியா?”

“பாதி கருவி சார், பாதி புளிக்காய்ச்சல்.”

வெள்ளி, நி-ஆலசுண்ட்

மூடுபனி விலகியது. அந்த டார்னியரில் ஆய்வாளர்களுக்கும் நி-ஆலசுண்டில் பணிபுரிவோருக்கும்தான் இடம் என்பதால், நான் அதிகாலையில் விரைவுப் படகு ஒன்றில் கிளம்பினேன்.

லாங்யியர்பியனுக்கும் நி-ஆலசுண்டுக்கும் நேர்கோட்டில் 110 கி.மீ. சிறு விமானத்துக்கு 25 நிமிடம். ஆனால் அந்த நேர்கோடு மலைகளுக்கும் பனியாறுகளுக்கும் மேலே போகிறது. தரையில் அந்த வழியே சாலை கிடையாது. ஸ்வால்பார்டில் எந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலை கிடையாது. படகு ஐஸ்ஃபியோர்டின் வாய் வரை மேற்கே சென்று, திறந்த கடலைத் தொட்டு, பிரின்ஸ் கார்ல்ஸ் நிலத்தீவுக்கும் பெருந்தீவுக்கும் இடைப்பட்ட நீரிணையில் வடக்கே ஏறி, பிறகு கிழக்கே திரும்பிக் கோங்ஸ்ஃபியோர்டுக்குள் நுழைய வேண்டும். மூன்று பக்கமும் சுற்றிவரும் இந்தப் பாதை நேர்கோட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வரும். பாதி நாள் கடலில் கழிந்தது. வழியில், மலைமுகட்டுக்கு மேலே டார்னியரின் ஓசை கேட்டது. அதில் அந்தத் தம்பி இருந்திருக்க வேண்டும். நாங்கள் இன்னும் நீரிணைக்குள்ளேயே நுழையவில்லை.

நி-ஆலசுண்டில் இறங்குமுன் கைப்பேசிகளின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைக்கச் சொன்னார்கள்; இங்குள்ள அளவைக் கருவிகளுக்கு அவை இடையூறு. ஊரில் பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் மரவீடுகளில் இயங்குகின்றன. 2008 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட ஹிமாத்ரியின் வாசலில் இரண்டு கல் சிங்கங்களைப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். பார்த்தபோது அவை அடுத்த வீடான சீன நிலையத்தின் வாசலில் இருந்தன. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் குளிர்காலத்திலும் இங்கே தங்கி ஆய்வு செய்கிறார்கள். அப்போது சூரியனே எழாது. அந்த 25 நிமிடப் பறப்பு முழுவதும் இருட்டில்தான் நடக்கும்.

ஊருக்கு வெளியே அமுண்ட்சென்னின் வான்கப்பல் ‘நோர்கே’யைக் கட்டுவதற்காக நிறுத்தப்பட்ட இரும்புக் கம்பம் இன்னும் நிற்கிறது. 1926 மே 11 அன்று அந்தக் கப்பல் இந்த ஊரிலிருந்து புறப்பட்டு, மறுநாள் வடதுருவத்தைக் கடந்து, மே 14 அன்று அலாஸ்காவின் டெல்லர் என்ற சிற்றூரில் இறங்கியது. ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியை ஏறத்தாழ மூன்று நாளில் கடந்தார்கள். பதினாறு பேர் அதில் இருந்தனர். நொபீலேதான் கப்பலை ஓட்டியவர். அமுண்ட்சென்னும் நொபீலேயும் அந்தப் பயணத்தின் பெருமை யாருக்கு என்பதில் பகைத்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டில் அதே நொபீலேயைத் தேடித்தான் அமுண்ட்சென் ட்ரோம்சோவிலிருந்து கிளம்பினார். அவருடைய லேத்தம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடம் இந்த நீர்க்கழிதான்.

சனி, மீண்டும் ட்ரோம்சோ

திரும்பும் விமானத்தில் பறந்த நேரம் 1 மணி 19 நிமிடம். போனபோது ஆனதைவிட 3 நிமிடம் குறைவு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போகிறவர்களுக்குப் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருப்பது பழகிப்போன செய்தி. மேலடுக்கின் மேற்குக் காற்று அங்கே நேராக எதிர்க்கிறது அல்லது நேராகத் தள்ளுகிறது. இந்த வழித்தடம் ஏறக்குறைய வடக்கு–தெற்காக இருப்பதால், அதே காற்று விமானத்தின் பக்கவாட்டில்தான் மோதுகிறது. விமானம் மூக்கைச் சற்றே காற்றுவரும் திசைக்குத் திருப்பிக்கொண்டு, நண்டுபோலச் சாய்வாகப் பறந்து கோட்டை விடாமல் வருகிறது. நேரத்தில் இழப்பும் குறைவு, லாபமும் குறைவு. காற்று எப்போதாவது திசைமாறி, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ அடித்தால் மட்டும், போகிற நேரத்துக்கும் வருகிற நேரத்துக்கும் கால் மணி நேரம் வரை வித்தியாசம் விழும்.

இந்த முறை கரடித் தீவு தெரிந்தது. இடப்பக்கச் சன்னலில், தெற்கே செங்குத்தான பாறைச் சுவர்களும் வடக்கே ஏரிகள் பொட்டுப்பொட்டாகத் தெறித்த சமவெளியுமாக, இரண்டு நிமிடம் போல மேக இடைவெளியில் இருந்துவிட்டுப் போனது. சன்னலோரம் கிடைக்காதவர்கள்கூட எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள்.

ட்ரோம்சோவில் இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை முன்பைவிட நீளமாக இருந்தது. விசா வைத்திருப்பவர்களின் நுழைவை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். லாங்யியர்பியன் விடுதி வாசலில் பேருந்து ஏறியதிலிருந்து ட்ரோம்சோ விடுதிக்குள் நுழைந்தது வரை ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. அதில் வானில் இருந்தது கால்பங்கை ஒட்டித்தான். இங்கிருந்து ஆஸ்லோவுக்குத் தனிச் சீட்டில் அடுத்த விமானம் வைத்திருப்பவர்கள், அட்டவணையின் 1 மணி 40 நிமிடத்தை நம்பி இரண்டு மணி நேர இடைவெளி விடுவது போதாது. மூடுபனிக் காலமான கோடையில் ஓர் இரவு ட்ரோம்சோவில் தங்கும்படி திட்டமிடுவதே சரி என்பது என் கருத்து. எனக்கு ஆஸ்லோ விமானம் நாளை நண்பகலில்.